அடுப்படித் தங்கம்

தம்பி, மேட்டுல ஏறாதீங்க. ஆண்டியப்பன் வீடுதானே கடையில விசாரிச்சீங்க? நான்தான் ஆண்டியப்பன். வீட்டுல இப்ப யாரும் இல்ல. மக ஃபாக்டரிக்குப் போயிருக்கா, சங்கு ஊதினாத்தான் வருவா. இப்படி பஸ் ஸ்டாப்புல உக்காருங்க, இங்க காத்து அவ்வளவா அடிக்காது. டீக்கு நான் சொல்லியாச்சு.

பால் ஊத்தாம பிளேன்டீன்னு கேட்டீங்கள்ல, அப்பவே தெரிஞ்சு போச்சு. கோத்தகிரிக்காரன் எவனும் அப்படிக் கேக்க மாட்டான். எங்களை மாதிரி ஒரு காலத்துல கப்பல்ல வந்து இறங்கினவன் கேக்கணும், இல்லாட்டி இப்ப புதுசா சிலோன்ல இருந்து வர்றவன் கேக்கணும். எந்தப் பக்கம்? பதுளையா. பதுளையில எந்தத் தோட்டம்? தொப்பிமலை. ம். எங்க தோட்டம்தான், அப்ப சரி. அப்ப நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்.

இருங்க, இருங்க. நீங்க சொல்ல வேண்டியதை அப்புறமாச் சொல்லலாம். வயசுல பெரியவன், நான் முதல்ல சொல்லிடறேன். என் மருமகன் தர்மலிங்கத்தைப் பத்தித்தானே? இந்தக் காலனியில யாரை வேணாலும் கேளுங்க, ஒரே கதைதான் சொல்லுவாங்க. மாமனார் சிலோன்ல புதைச்சு வச்ச தங்கத்தை எடுத்துட்டு வர்றேன்னு போனான், எடுத்தான், அங்கேயே எவளையோ கட்டிக்கிட்டுச் சொகுசா உக்காந்துட்டான். இதுதான் கதை. ஆனா ஒண்ணு கவனிச்சுக்கோங்க தம்பி, இந்த வாயால நான் ஒருநாளும் அப்படிச் சொன்னது கிடையாது. ஊரு சொல்லுது. என் மக சொல்றா. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன், அவ்வளவுதான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

தங்கம் இருந்துச்சா இல்லையாங்கிறது வேற பேச்சு. அதுக்கு முதல்ல அந்தக் காலத்தைச் சொல்லணும். உங்களுக்கு அது தெரியாது, நீங்க அங்கேயே இருந்துட்டீங்க. எங்களைத்தான் பேரு எழுதிக் கப்பல் ஏத்திவிட்டாங்க. உனக்கு இந்த நாடு இல்லை, அந்த நாடுதான் உன்னுதுன்னாங்க. அந்த நாட்டை எங்க அப்பனே பாத்ததில்ல. கொண்டு போற நகைக்கு அளவு இருக்கு, மேல போனா பிடுங்கிக்குவாங்கன்னு ஒரு பேச்சு. அந்தப் பேச்சுதான் எல்லாத்துக்கும் விதை. மண்டபம் முகாம்ல வந்து இறங்கி, தகரக் கொட்டகையில கஞ்சிக்கு வரிசையில நின்னா, பக்கத்துல நிக்கிறவன் சொல்லுவான், எங்க பலாமரத்தடியில ஒரு குடம் கிடக்குதுன்னு. அதுக்குப் பின்னாடி நிக்கிறவன் மாடசாமி கல்லுக்குக் கீழ ஒரு சட்டி இருக்குதும்பான். கிணத்தடியில, கோழிக்கூட்டுக்கு அடியில, கங்காணி தோட்டத்து வேலிக்கால்ல. முகாம்ல கேட்டீங்கன்னா சிலோன்ல ஏழையே கிடையாது தம்பி. அத்தனையும் நெசமா இருந்தா பாரம் தாங்காம அந்தத் தீவே முழுகியிருக்கும்.

சிரிக்கிறீங்க. சிரிங்க. ஆனா வெறுங்கையோட வந்தவன் அதையாவது சொல்லிக்க வேணாமா? இங்க மேல வந்து குடியேறினா, உள்ளூர்க்காரன் எங்களைக் கண்டிக்காரன், கண்டிக்காரன்னு ஒரு தினுசாப் பாப்பான். கடையில கடன் சொன்னா, 'ஏம்பா, புதைச்சு வச்சதை எடுத்துட்டு வாங்களேன்'னு நக்கல் அடிப்பான். நக்கல்தான், ஆனா அதுல பாதி நம்பிக்கையும் இருக்கும். கண்ணு சொல்லிடும்.

நான் அப்பல்லாம் வாயே திறக்கல. மத்தவன் சொல்றதைக் கேட்டுக்கிட்டு இருந்ததோட சரி. என் மக புவனேசுக்கு மாப்பிள்ளை வர்ற வரைக்கும் நான் ஒரு குன்றிமணி கூட எங்கேயும் புதைச்சது கிடையாது.

நல்ல இடம் தம்பி. காரமடைக்காரங்க, சொந்த வீடு, ரெண்டு அண்ணன். தர்மலிங்கம் கொத்தனார் வேலை. அவரு பூசின சுவத்துல தண்ணியை ஊத்தினா கோடு கோணாம இறங்கும். ஃபாக்டரிக்குச் சுவர் எடுக்க வந்த இடத்துல புவனேசைப் பாத்துட்டாரு. பொண்ணு கேட்டு வந்தாங்க. என் சம்சாரம் வெள்ளையம்மா வடை சுட்டா, காப்பி குடுத்தா. எல்லாம் நல்லாத்தான் போச்சு. கடைசியில அந்த மூத்த அண்ணன், 'பொண்ணுக்கு என்ன போடுவீங்க?'ன்னு கேட்டான். சாதாரணமாத்தான் கேட்டான். நான் புவனேசு காதைப் பாத்தேன். அதுல கிடந்தது பித்தளை. அவங்க அம்மா தோட்டைத்தான் ஏற்கெனவே அங்கேயே வித்துட்டோம், வழிச்செலவுக்கு.

அப்பத்தான் சொன்னேன். 'இங்க கொண்டாந்தது ஒண்ணும் இல்லீங்க. எங்களது எல்லாம் அங்க அடுப்படியில இருக்கு. நிலைமை சரியானதும் எடுத்துக்கலாம்.' இவ்வளவுதான் சொன்னேன். எத்தனை பவுனுன்னு கூடச் சொல்லல. அந்த அண்ணன் முகம் ஒரு மாதிரி மலர்ந்துச்சு. தட்டை மாத்திட்டாங்க.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. நான் ஒண்ணுதானே சொன்னேன்?

வெள்ளையம்மாவுக்குத் தெரியும். அன்னிக்குப் பாத்திரம் கழுவும்போது, 'அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துருங்க'ன்னா. கல்யாணம் முடியட்டும்னேன். கல்யாணம் முடிஞ்சது, ஒரு தீவாளி போகட்டும்னேன். தீவாளிக்கு மாப்பிள்ளை வந்தாரு, ரெண்டு பேரும் கொஞ்சம் குடிச்சோம். அவரு ஆசையாக் கேட்டாரு, என்னென்ன மாமா இருக்குன்னு. குடிச்ச வாய். ஒரு அட்டிகைன்னேன். அடுத்த வருசம் அது கூட ஒரு ஒட்டியாணம் சேந்துச்சு. அப்புறம் வளையல். சொல்லச் சொல்ல எனக்கே அதெல்லாம் கண்ணுல மினுங்க ஆரம்பிச்சிருச்சு தம்பி. அட்டிகையில ஒரு சிவப்புக் கல்லு விழுந்துருச்சுன்னு கூடச் சொல்லியிருக்கேன். வெள்ளையம்மா எந்திரிச்சு வெளியே போயிடுவா. அவ போய்ச் சேந்தும் பல வருசம் ஆச்சு. கடைசி வரைக்கும் எங்கிட்ட முகம் குடுத்துப் பேசல, அது வேற கதை.

மாப்பிள்ளை பேராசைக்காரர் இல்ல. அதையும் சொல்லிடணும். அவருக்கு அந்தத் தங்கம் மேல கண்ணே கிடையாது. அண்ணனுங்கதான் பிடுங்கி எடுத்துட்டானுங்க. மாமனார் அடுப்புல இன்னும் வேகலையாடான்னு சாப்பிடற இடத்துல எல்லாம் குத்திக் குத்திப் பேசியிருக்கானுங்க. புவனேசையும் விடல. அவ ஒருநாள் அழுதுகிட்டு இங்க வந்துட்டா. அதைப் பாத்துட்டுத்தான் அவரு கிளம்பினாரு. எங்க மாமா சொன்னது பொய்யில்லைன்னு காட்டிட்டு வர்றேன்னு அண்ணன்கிட்ட சவால் விட்டுட்டாராம். அப்பக் கப்பல் ஓடிக்கிட்டு இருந்துச்சு. எப்படியோ காகிதம் எல்லாம் வாங்கிட்டாரு.

கிளம்புற அன்னிக்கு, 'மாமா, இடத்தைச் சரியாச் சொல்லுங்க'ன்னு கேட்டாரு. ஒரு குச்சியை எடுத்து வாசல் மண்ணுல கோடு போட்டுக் காட்டினேன். இது லயம், வரிசையா வீடுங்க. இது நம்ம காம்பரா, நாங்க இருந்த ஒத்தை அறை. இது கதவு, இது அடுப்பு. கை பாட்டுக்குப் போட்டுச்சு. அதுல பொய் கிடையாது தம்பி. லயம் இருந்துச்சு, காம்பரா இருந்துச்சு, அடுப்பும் இருந்துச்சு.

அப்பவாவது சொல்லியிருக்கலாமேன்னு நினைப்பீங்க. அண்ணனுங்க ரெண்டு பேரும் வாசல்ல நிக்கிறானுங்க. புவனேசு புதுச்சேலை கட்டிக்கிட்டு நிக்கிறா. அத்தனை பேருக்கு முன்னாடி எப்படிச் சொல்றது? தனியாக் கிடைச்சிருந்தா சொல்லியிருப்பேன். பஸ்ஸுல ஏறும்போது தனியாத்தான் இருந்தாரு. அதுக்குள்ள பஸ் எடுத்துட்டான்.

அவரு போன கொஞ்ச நாள்ல அங்க கலவரம். அந்த ஆடி மாசம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. கடுதாசி இல்ல, ஒண்ணும் இல்ல. செத்துப்போயிட்டாருன்னு சில பேர் சொன்னாங்க. புவனேசுதான் ஒத்துக்கல. 'அவன் எங்க சாவான்? எங்கப்பன் நகையை எவ கழுத்துலயோ மாட்டி அழகு பாத்துக்கிட்டு இருப்பான்'னா. இன்னி வரைக்கும் அதுதான். ஒவ்வொரு நல்ல நாளைக்கும் இலை போட்டதும் திட்டு ஆரம்பிச்சிரும். அப்புறம் எங்கிட்ட வந்து உக்காந்து, 'உன் உழைப்பைத் தின்னுட்டானேப்பா'ன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுவா. எனக்குச் சோறு இறங்காது. ஆனா ஒண்ணு, அந்தக் கோவம்தான் அவளைக் காலையில எழுப்பி வேலைக்கு அனுப்புது. அதை ஏன் நான் கெடுக்கணும்? நீங்களே சொல்லுங்க.

அதனால உங்ககிட்ட ஒரே ஒரு உபகாரம் கேக்குறேன். அவ வந்தா, தர்மலிங்கம்னு யாரையும் தெரியாதுன்னு சொல்லிடுங்க. பழனிக்கு வந்தோம், அப்படியே சுத்திப் பாக்க வந்தோம்னு சொல்லுங்க. அவ பாவம் தம்பி. அறுபதுக்குப் பக்கத்துல வந்துட்டா.

ஏன் தலையை ஆட்டுறீங்க? முடியாதா? சரி, சொல்லுங்க. எவ்வளவு நேரம்தான் நானே பேசிக்கிட்டு இருக்கிறது. என்னன்னு சொல்லுங்க.

ஓ. அந்தக் காம்பராவுக்கு எங்களுக்கு அப்புறம் வந்தது உங்க அப்பாவா. மாப்பிள்ளை வந்தப்ப நீங்க சின்னப் பையனா. பையைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்து நின்னு, விசயத்தை ஒளிக்காம உங்க அப்பாகிட்டச் சொன்னாரா. ஆமா, அவரு ஒளிக்கத் தெரியாத ஆளு. உங்க அப்பாவும் தோண்டிப் பாருங்கன்னு விட்டுட்டாரா. நல்ல மனுசன். அடுப்பைப் பிரிச்சு, தோண்டி, ஒண்ணும் இல்லாம மறுபடியும் அடுப்பைக் கட்டிக் குடுத்துட்டாரா. முன்னை விட நல்லாக் கட்டிக் குடுத்தாரா. கொத்தனாரு இல்லையா தம்பி, அப்படித்தான் இருக்கும்.

கலவரத்துல உங்க வீட்டுலதான் ஒளிஞ்சிருந்தாரா. சரி. சரி. அப்ப உயிரோடதான் இருந்தாரு.

என்ன? கலயமா? என்ன கலயம்? அடுப்படியிலதான் ஒண்ணும் இல்லைன்னீங்களே. பின்னாலயா. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல அவரு தோண்டினப்பக் கிடைச்சதா. சின்ன மண் கலயம், வாயில ஓடு வச்சு மூடியிருந்துச்சு. உள்ள மண்ணும், ராசா தலை போட்ட ஒரு செப்புச் சதக்காசும்.

கொஞ்சம் இருங்க தம்பி. டீயைக் கையில ஊத்திக்கிட்டேன். ஒண்ணும் இல்ல, சூடு இல்ல.

அந்தக் கலயத்தை வச்சது நான்தான். புவனேசு பொறந்த அன்னிக்கு, மருத்துவச்சி தொப்புள்கொடியைக் கலயத்துல போட்டு என் கையில குடுத்தா. மஞ்சளும் உப்பும் வேப்பிலையும் போட்டு, காசு ஒண்ணு போடணும்னா. எங்கிட்ட இருந்தது அந்தச் சதம்தான். நாய் தோண்டாத ஆழமாப் புதைன்னா. ஆழமாத்தான் புதைச்சேன். அந்த மண்ணுல நான் புதைச்சது அது ஒண்ணுதான் தம்பி. என் மக கொடி.

அதைப் பாத்துட்டு அவரு என்ன சொன்னாரு? சொல்லுங்க, பரவாயில்ல.

கலயம் இருக்கு, மூடி இருக்கு, காசும் ஒண்ணு தங்கியிருக்கு. அப்ப மாமா சொன்னது நெசம், இடத்தைத்தான் கொஞ்சம் மாத்திச் சொல்லிட்டாரு, யாரோ முன்னாடியே எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு சொன்னாரா. சந்தோசப்பட்டாரா? மாமா பொய் சொல்லலைன்னு உங்க அப்பாகிட்ட ஓடி வந்து காட்டினாரா.

அப்புறம் ஏன் தம்பி திரும்பி வரல? கையில காசு இல்லைன்னா கடன் வாங்கியாவது வந்திருக்கலாமே. என்ன சொன்னாரு? நீங்க தலையைக் குனியாதீங்க, சொல்லுங்க.

வெறுங்கையோட போய் நின்னா, 'எடுத்து நீயே தின்னுட்டியா'ன்னு மாமா கேப்பாருன்னு. கேக்காட்டியும் மனசுல நினைப்பாருன்னு. புவனேசும் நினைப்பான்னு. கடுதாசி போடலாம்னு உங்க அப்பா சொன்னதுக்கு, அட்டிகையாவது ஒண்ணு செஞ்சு எடுத்துக்கிட்டுத்தான் போவேன்னாரா. சிவப்புக் கல்லு வச்ச அட்டிகையா. ஊர் ஊராச் சுவர் பூசினாரா. சேந்த காசு ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு நோவுக்குப் போச்சா. கல்யாணம் கில்யாணம் எதுவும் இல்லையா. உங்க வீட்டு ஓரத்துலயே ஒரு சாய்ப்பு இறக்கிக்கிட்டு இருந்துட்டாரா.

போன மழைக்குத்தான் போய்ச் சேந்தாரா? நெஞ்சுச் சளியா. சுண்ணாம்பும் சிமிட்டியும் எத்தனை வருசம் மூக்குல ஏறியிருக்கும். நீங்கதான் கொள்ளி வச்சீங்களா. நல்லது தம்பி. நல்லா இருப்பீங்க.

கடைசியில ஏதாவது சொன்னாரா?

'மாமாவைப் பாத்தா சொல்லு, நான் எடுக்கலைன்னு.'

எடுக்கலைன்னு எனக்குத் தெரியாதா தம்பி? இந்த உலகத்துலயே அது தெரிஞ்ச ஒரே ஆளு நான்தானே. அதை அவரு கடல் தாண்டி எனக்குச் சொல்லி அனுப்புறாரு. இத்தனை வருசம் நான் இந்த மேட்டுல உக்காந்து, அவரைத் திருடன்னு சொல்றதைக் கேட்டுக்கிட்டு, ரசம் ஊத்துன்னு சொல்லிச் சாப்பிட்டிருக்கேன். வெள்ளையம்மா காறித் துப்பாம போனாளே, அது அவ பெருந்தன்மை.

சங்கு ஊதிருச்சு. வந்துடுவா. நீங்க எதுவும் பேச வேணாம், நானே சொல்லிடறேன். ஆமா, எல்லாத்தையும் சொல்லப் போறேன். தங்கம் இல்லைன்னு, கலயம் உன்னுதுன்னு, உன் புருசன் உத்தமன்னு. அடிச்சாலும் அடிக்கட்டும். அதோ வர்றா பாருங்க, பச்சைச் சேலை, கையில தூக்குவாளி. வேகமா வர்றா. கடைக்காரன் சொல்லியிருப்பான், சிலோன்ல இருந்து ஆளு வந்திருக்குன்னு.

வாம்மா புவனேசு. இவரு தொப்பிமலையில இருந்து வந்திருக்காரு. நம்ம காம்பராவுலதான் இவங்க இருந்தாங்களாம். வாளியைக் கீழ வை. உக்காருன்னு சொல்றேன்ல. மாப்பிள்ளையைப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருந்தோம். நான் உங்கிட்ட ஒரு விசயம் சொல்லணும்மா, உனக்குக் கோவம் வரும்.

என்னது?

இருக்காரும்மா. இருக்காரு. நல்லா இருக்காரு.

நீ போய் அந்தக் குழாயில முகத்தைக் கழுவிட்டு வா. போ.

தம்பி, என்னை அப்படிப் பாக்காதீங்க. நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திட்டிக்கிட்டே வருவான்னு நினைச்சேன். நகை எங்கன்னு கேப்பான்னு நினைச்சேன். இவ என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'இருக்காராப்பா'ன்னு கேக்குறா. அதை மட்டும்தான் கேக்குறா. இத்தனை வருசம் திட்டினது எல்லாம் அவரு உயிரோட இருக்கணும்னு திட்டினதா? செத்தவனைத் திட்ட முடியாதுன்னு திட்டினதா? என் கூடவே இருந்த பிள்ளை, எனக்குத் தெரியலையே. இல்லைன்னு எப்படித் தம்பி சொல்லுவேன்?

வந்துட்டா. சும்மா இருங்க.

என்னம்மா அவருகிட்டக் கேக்குற? பாஸ்போர்ட்டா? உனக்கு எதுக்கும்மா பாஸ்போர்ட்டு, இந்த வயசுல. பி.எஃப். பணமா? அதை எடுத்தா அப்புறம் என்ன செய்வே? நகை போனாப் போகுதுன்னு சொல்லுவியா அவருகிட்ட? கூட எவ இருந்தாலும் பரவாயில்லையா? ஒரு தடவை பாத்துட்டு வந்துடுவியா?

தம்பி, அவ உங்களைத்தான் கேக்குறா. பதுளையில இறங்கி எந்த பஸ்ஸுல ஏறணும்னு கேக்குறா. பாருங்க, சிரிக்கிறா. இவ பல்லு தெரியச் சிரிச்சு நான் எப்பப் பாத்தேன்னே எனக்கு ஞாபகம் இல்ல. நாளைக்குச் சொல்லிடறேன் தம்பி. சத்தியமா நாளைக்கு நான் சொல்லிடறேன். இன்னிக்கு மட்டும் அவளுக்கு வழியைச் சொல்லுங்க.